கொடிக்கு வலை, வலைக்குக் கால்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பந்தல் காய்கறியைப் பற்றி ஓரிரு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வலையைப் பற்றித்தான். எந்த வலை, எப்படிக் கட்டுவது, ஏன் சாய்ந்தது, ஏன் காய்க்கவில்லை. வைகாசி பாதி தாண்டிவிட்டது, ஆடிக்குக் குழி எடுக்கிறவர்கள் இப்போதே கால் நட வேண்டும். அதனால் இந்த முறை வேறு கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்களுக்குச் சுல்தான்பேட்டை பக்கம் அரை ஏக்கர் செம்மண் பூமி, கிணற்றுத் தண்ணீர், சொட்டுநீர் போட்டாயிற்று. பாகலும் புடலையும் வைக்கலாம் என்று இருக்கிறோம். கல்தூண் பந்தலுக்குக் கையில் காசு இல்லை. நைலான் வலையை நெட்டுக்குத்தலாகக் கட்டி ஏற்றிவிட்டால் போதும் என்கிறார்கள். போதுங்களா?

பதில்: பாகலுக்குப் போதும், புடலைக்குப் போதாது. புடலங்காய் நேராக வளர்வது அதன் சொந்தப் பாரத்தால்தான். தலைக்கு மேல் பந்தலிலிருந்து காய் தடையில்லாமல் கீழே தொங்கினால் நீண்டு நேராக வரும். செங்குத்து வலையில் அது வலையோடு ஒட்டிச் சாய்ந்து, கண்ணுக்குள் நுழைந்து, பாம்பு மாதிரி வளைந்து நிற்கும். வளைந்த காயைச் சந்தையில் தனியாகக் குவித்துப் பாதி விலைக்குக் கேட்பார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் புடலங்காய் நுனியில் ஒரு சின்னக் கல்லைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள், பார்த்திருப்பீர்கள். வாசல் பந்தலில் 20 காய்க்கு அது சரி, அரை ஏக்கரில் யார் கட்டுவது? நீளப் பீர்க்கனுக்கும் இதே கதைதான். சுரைக்காய் நேராக இருந்தாலும் வளைந்திருந்தாலும் அதன் எடையைச் செங்குத்து வலை தாங்காது, கண் கிழியும். பாகல், வெள்ளரி, கோவைக்காய் மூன்றும் சின்னக் காய், நெருக்கமாகப் பறிக்கிற காய், செங்குத்து வலைக்கு ஏற்றவை.

ஆகவே இந்த வருஷம் பாகலை மட்டும் வையுங்கள். புடலையை அடுத்த வருஷம் பார்க்கலாம்.

அடுத்து, செலவு எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்கிறேன், இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவதும் இதுதான். வலை பாரம் தாங்குவதில்லை. கொடி எங்கே உட்கார வேண்டும், எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அது வழி காட்டுகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. பாரம் வலையிலிருந்து மேல் கம்பிக்கும், கம்பியிலிருந்து காலுக்கும், கடைசிக் காலிலிருந்து அதைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கிற ஸ்டே கம்பிக்கும் போய் மண்ணில் இறங்குகிறது. நம் ஆட்கள் கடையில் வலையின் விலையை மணிக்கணக்கில் பேரம் பேசி வாங்கிவிட்டு, காலுக்கு வேலியோரம் கிடந்த கொம்புகளை நடுகிறார்கள். ஐப்பசியில் ஒரு மழை பெய்து இலை நனைந்தால் அந்தக் கொடியின் எடை என்ன ஆகும் என்று ஒருமுறை கையால் தூக்கிப் பாருங்கள், புரியும்.

8 அடிச் சவுக்குக் கால் எடுங்கள். 2 அடி மண்ணுக்குள், 6 அடி மேலே. மண்ணுக்குள் போகிற பகுதிக்கும் அதற்கு மேல் ஒரு சாண் உயரத்துக்கும் தீயில் வாட்டித் தார் பூசிவிடுங்கள், செம்மண்ணில் கரையான் ஒரே வருஷத்தில் காலைத் தின்றுவிடும். 10 அடிக்கு ஒரு கால். வரிசையின் இரண்டு முனைக் காலும் சவுக்காக இருக்கக் கூடாது, அங்கே மட்டும் கல்லுக்கால் நட்டுவிடுங்கள். பழைய கல்லுக்கால் நம் ஊர்ப் பக்கம் வேலி பிரிக்கிற இடத்தில் கிடைக்கும். முனைக் காலை வெளிப்பக்கம் கொஞ்சம் சாய்த்து நட்டு, அதன் தலையிலிருந்து கம்பியை இறக்கி 2 அடி ஆழத்தில் புதைத்த கல்லில் கட்ட வேண்டும். மின்கம்பத்துக்கு ஸ்டே போடுகிறார்களே, அதேதான். மேல் கம்பியை முறுக்கி இழுத்த பிறகே வலையை ஏற்ற வேண்டும். வலையின் மேல் ஓரத்தை அடிக்கு ஒரு கட்டு வீதம் கம்பியோடு கட்டுங்கள், கீழ் ஓரம் தரையிலிருந்து 1 அடி தள்ளி நிற்கட்டும், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். வரிசைக்கு வரிசை 6 முதல் 7 அடி, குழிக்குக் குழி 5 அடி.

கல்தூண் பந்தலை முழுக்க மறந்துவிட வேண்டாம். நிரந்தரப் பந்தலுக்குத் தோட்டக்கலைத் துறையில் மானியம் உண்டு, ஒதுக்கீடும் தொகையும் வருஷத்துக்கு வருஷம் மாறும். சிட்டா, அடங்கலை எடுத்துக்கொண்டு உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் இப்போதே பெயர் கொடுத்து வையுங்கள். தொண்டாமுத்தூர் பக்கம் திராட்சைக்குப் போட்ட கல்தூண் பந்தலில், திராட்சையை எடுத்த பிறகும் பாகல், பீர்க்கன் என்று ஏற்றிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை போட்ட கல் நம் காலத்துக்கும் நிற்கும்.

கேள்வி: பொங்கலூர் பக்கம் எங்கள் தோட்டம். போன ஆடியில் அடித்த காற்றில் வலையோடு கொடி மொத்தமும் ஒரு பக்கமாகப் படுத்துவிட்டது. தூக்கி நிறுத்தினோம், பாதிக் கொடி காய்ந்துவிட்டது. காற்றுக்கு என்ன வழி?

பதில்: இதைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது, ஏனென்றால் இதே மாதிரி நானும் இழந்திருக்கிறேன். முதன்முதலாகப் பாகல் வைத்த வருஷம், 14 வரிசை. முனைக்குக் கல்லுக்கால் வேண்டாம், சவுக்கே இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டிவிடலாம் என்று நான்தான் முடிவெடுத்தேன். ஆடி 10 தேதி வாக்கில் ஒரு ராத்திரி முழுக்க மேல்காற்று. விடிந்து போய்ப் பார்த்தால் மேற்கு ஓரத்து முனைக் கால்கள் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. ஒன்று போனதும் கம்பி தளர்ந்து அடுத்தது, அதற்கடுத்தது என்று சீட்டுக்கட்டு மாதிரி மொத்தமும். பிஞ்சு பிடித்திருந்த கொடி. அன்றைக்கு என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை, அப்படியே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்விட்டாள்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரைக்கும் வருகிற காற்று இது. பல்லடம், உடுமலை, தாராபுரம் காடுகளில் காற்றாலை நிற்பதே இதை நம்பித்தான். இலை மூடிய செங்குத்து வலை காற்றுக்குக் கப்பல் பாய் மாதிரி. அதனால் முதல் காரியம், வரிசையைக் காற்றின் குறுக்கே போடாதீர்கள். நம்மிடம் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருகிறது, வரிசை கிழக்கு மேற்காக ஓடினால் காற்று சந்துக்குள் புகுந்து போய்விடும். புத்தகங்களில் வெயில் இரண்டு பக்கமும் சமமாகப் பட வடக்கு தெற்காகப் போடச் சொல்லியிருக்கும். அது தப்பில்லை. ஆனால் நாம் இருப்பது 11 டிகிரி அட்சரேகையில், வருஷத்தில் பெரும்பாலான நாள் உச்சி வெயில் தலைக்கு மேலேயே நிற்கிறது. மார்கழி, தையில் சூரியன் அதிகமாகத் தெற்கே சாய்வதால் வடக்குப் பக்கம் கொஞ்சம் நிழல் விழும். அந்தச் சின்ன நஷ்டத்தை ஏற்றுக்கொண்டு காற்றுக்குத் தோதாகப் போடுவதே கணவாய்க் காற்று அடிக்கிற பூமிக்குச் சரி என்பது என் கட்சி. ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர் மாதிரி தென்னந்தோப்பு சூழ்ந்த இடத்தில் இருக்கிறவர்கள் வடக்கு தெற்காகவே போடலாம்.

இரண்டாவது, மேற்கு ஓரத்தில் தடுப்பு. தென்னங்கீற்றை நெருக்கமாக முடைந்து சுவர் மாதிரி நிறுத்துகிறவர்கள் உண்டு. அது வேண்டாம், காற்று அதன் மேல் ஏறிக் குதித்துப் பின்பக்கம் சுழலும், சுழல் காற்று நேர்க்காற்றைவிடக் கெடுதல். பாதிக் காற்றை உள்ளே விடுகிற தடுப்புதான் நல்லது. 3 வரிசை சோளமோ மக்காச்சோளமோ நெருக்கி விதைத்துவிடுங்கள், ஓரமாக அகத்தி வையுங்கள். தடுப்பின் உயரம் எவ்வளவோ அதைப் போல சுமார் 10 மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் குறையும். ஆனால் பாகல் ஊன்றுகிற அன்றைக்கே சோளமும் விதைத்தால் பிரயோஜனம் இல்லை, ஒரு மாதம் முந்தி விதைக்க வேண்டும்.

மூன்றாவது, விதை ஊன்றுகிற நாள் கணக்கு. ஆடிப்பட்டம் தேடி விதை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆடி முதல் வாரம் ஊன்றினால் கொடி வலை ஏறி இலை மூடுகிற நேரத்துக்குக் காற்று இன்னும் ஓய்ந்திருக்காது. ஆடிக் கடைசியில் ஊன்றுங்கள். ஏறுவதற்கு ஒரு மாதம் ஆகும், அதற்குள் ஆவணி முடிந்துவிடும், புரட்டாசியில் காற்று இறங்க இறங்கக் கொடி மூடும், ஐப்பசி மழைக்குக் காய் இருக்கும். நாள் தவறிவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் குழித்தட்டில் நாற்று விட்டு 12, 15 நாளில் எடுத்து நடலாம், அதற்கு மேல் வைத்திருந்தால் வேர் சுருண்டுவிடும்.

கேள்வி: வலையின் கண் எவ்வளவு இருக்க வேண்டும்? கடையில் 2 அங்குலம், 4 அங்குலம், 6 அங்குலம் மூன்றும் இருக்கிறது.

பதில்: 6 அங்குலம். உங்கள் கை உள்ளே போய்க் காயைப் பறித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். சின்னக் கண்ணில் வெள்ளரிப் பிஞ்சு நுழைந்து உள்ளேயே பெருத்துவிட்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: அண்ணா, நான் கோவை சரவணம்பட்டியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். மொட்டை மாடியில் பாதி இடம் எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். பாகல், கோவைக்காய், அவரை வைக்க ஆசை. சுவரில் ஆணி அடிக்க அனுமதி இல்லை. வலையை எதில் கட்டுவது?

பதில்: அம்மிணி, துணி காயப்போடும் கம்பியிலோ தண்ணீர்த் தொட்டிக் குழாயிலோ மட்டும் கட்டிவிடாதீர்கள். பிளாஸ்டிக் குழாய் கொடியின் எடையில் மெல்ல மெல்ல வளைந்து, இணைப்பில் கசிந்து, கடைசியில் பழி உங்கள் தோட்டத்தின் மேல் வரும்.

பழைய பெயின்ட் வாளி 4 எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு இரும்புக் குழாயை நடுவில் நிறுத்தி கான்கிரீட் ஊற்றிக் காயவிடுங்கள். குழாய் 6 அடிக்கு மேல் வேண்டாம். மேலே குறுக்குக் குழாய்களால் நாலையும் சதுரமாக இணைத்துவிட்டால் அது தானே நிற்கும், ஆணி எதுவும் தேவையில்லை. அதன் மேல் வலையைக் கிடையாக இழுத்துக் கட்டுங்கள், ஒரு பக்கம் மட்டும் கீழே தொங்கவிடுங்கள், கொடி அந்தப் பக்கமாக ஏறி மேலே போய்ப் படரும். மாடிச் சுவர் 3 அடி உயரம் என்றால் அந்த உயரம் வரை காற்று தெரியாது, அதற்கு மேல்தான் அடிக்கும், அதனால் வாளியை மேற்குச் சுவரை ஒட்டியே வையுங்கள்.

இன்னொன்று, பாகலும் கோவையும் பற்றுக்கம்பியால் ஏறுகிறவை. அந்தச் சுருள் மெல்லியதைத்தான் பிடிக்கும், சணல், வலை நூல், குச்சி. வழவழப்பான குழாயை அதனால் பிடிக்க முடியாது, இரண்டு நாள் தடவிப் பார்த்துவிட்டுப் பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொள்ளும். குழாயின் மேல் சணலையோ தேங்காய் நார்க் கயிற்றையோ சுற்றிவிடுங்கள். அவரைக்குப் பற்றுக்கம்பி கிடையாது, அதன் தண்டே சுற்றி ஏறுகிறது. அது எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று ஒரு நாள் பார்த்துவிட்டு அதே பக்கமாகச் சுற்றிவிடுங்கள், எதிர்ப்பக்கம் சுற்றினால் மறுநாள் காலையில் பிரிந்து கிடக்கும். பந்தல் அவரை இன்னொரு விஷயத்திலும் பொறுமையைக் கேட்கும். நம் பழைய ரகங்கள் பகல் நீளம் குறைந்தால்தான் பூக்கும், ஆடியில் ஊன்றினாலும் கார்த்திகை வாக்கில்தான் பூவைப் பார்ப்பீர்கள், அதுவரைக்கும் உரம் உரமாகப் போட்டு இலையை வளர்க்க வேண்டாம். கோவைக்காயை விதையில் போடாதீர்கள், காய்த்துக்கொண்டிருக்கிற கொடியிலிருந்து பென்சில் தடிமனுக்குத் தண்டு வெட்டி ஊன்றுங்கள். ஒருமுறை பிடித்தால் வருஷக்கணக்கில் இருக்கும், அதற்கு மட்டும் உங்களிடம் இருப்பதில் பெரிய தொட்டியைக் கொடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு வீடியோ ஒன்றில், திறந்தவெளியில் ஒரு செடியின் மேல் வலையைக் கிடையாக இழுத்துக் கட்டி, நுனிகளை வலைக்குக் கீழேயே வளைத்து விட்டு, செடியையே மேஜை மாதிரி தட்டையாக ஆக்குகிறார்கள். பார்க்க அருமையாக இருந்தது. அது என்ன செடி? நாமும் தக்காளி, மிளகாய்க்குச் செய்யலாமா?

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன், அது கஞ்சாச் செடி. சில நாடுகளில் உரிமம் வாங்கி வளர்க்கிறார்கள். நம் நாட்டில் 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின்படி அதை வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஒரு செடிதானே, மாடியில்தானே என்று யாராவது உங்களிடம் சொன்னால் பக்கத்திலேயே போகாதீர்கள். படிக்கிற பையன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

அந்த முறைக்குப் பின்னால் இருக்கிற விஷயம் எல்லாச் செடிக்கும் பொது. நுனிக் குருத்தில் ஆக்சின் என்ற ஒரு பொருள் ஊறிக் கீழ்நோக்கி இறங்குகிறது, அது இறங்குகிற வரைக்கும் கீழே உள்ள பக்க மொட்டுகள் தூங்கிக்கொண்டிருக்கும். நுனியைக் கிள்ளினாலோ படுக்கையாக வளைத்துவிட்டாலோ பக்க மொட்டுகள் விழித்துக்கொண்டு ஒரே உயரத்துக்கு மேலே வரும், எல்லாவற்றுக்கும் வெயில் சமமாகக் கிடைக்கும். வலை அவற்றை அந்த இடத்தில் பிடித்து வைக்கிறது. நம் ஊரில் செவ்வந்திக்கு நுனி கிள்ளுவதும், ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில் ரோஜாவில் தண்டை வளைத்துவிடுவதும் இதே கணக்குத்தான். நீலகிரியில் கார்னேஷன் பூவுக்கு அடுக்கடுக்காகக் கிடை வலை கட்டியிருப்பார்கள், பூத்தண்டு சாயாமல் நேராக ஏறுவதற்கு.

மிளகாயும் கத்தரியும் வளைத்தால் ஒடியும், தண்டு சீக்கிரம் கட்டையாகிவிடும். அவற்றுக்கு நுனி கிள்ளுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தக்காளிக்கு வலை உண்டு, அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: உடுமலை, குடிமங்கலம் பக்கம் நாங்கள் தக்காளியைத் தரையில்தான் விடுகிறோம். மழைக்காலத்தில் பாதிப் பழம் மண்ணில் பட்டு அழுகிவிடுகிறது. குச்சி நட்டுக் கட்டினால் ஆள் கூலி கட்டுபடியாகவில்லை. வலை உதவுமா?

பதில்: உதவும், புதர் ரகமாக இருந்தால். கொடித் தக்காளி 6 அடி, 7 அடி போகிறது, அதற்குக் கயிறும் குச்சியும்தான். புதர் ரகத்துக்குப் பாத்தியின் இரண்டு ஓரமும் 3 அடிக் குச்சிகளை நட்டு, ஒன்றரை அடி உயரத்தில் 6 அங்குலக் கண் வலையைக் கட்டில் கயிறு மாதிரி விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். செடி ஒரு சாண் உயரம் இருக்கும்போதே வலை தயாராக இருக்க வேண்டும், செடி தானாகக் கண்ணுக்குள் புகுந்து மேலே போகும், நாம் கையால் தொடவே வேண்டாம். வளர்ந்த செடியின் மேல் வலையைப் போட்டு ஒவ்வொரு கிளையாக உள்ளே இழுத்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பாதிக் கிளை அவர்கள் கையோடு வந்துவிடுகிறது.

பாத்தி 3 அடி அகலத்துக்கு மேல் போனால் நடுவில் உள்ள பழம் கைக்கு எட்டாது. அடி இலைகளை ஒரு சாண் உயரத்துக்கு எடுத்துவிடுங்கள், மழைத்துளி மண்ணில் விழுந்து தெறிப்பதுதான் இலைக்கருகலை முதலில் கொண்டுவருகிறது. ஆனால் அதற்கு மேல் இலையை எடுக்க வேண்டாம், குறிப்பாகப் பங்குனி, சித்திரை அறுவடைக்கு. மேலே இலை இல்லாத பழம் வெயிலில் வெளுத்துத் தோல் காய்ந்துபோகும், அதை மண்டியில் எடுக்க மாட்டார்கள். மழைக்காலத்துக்கு வலை நல்லது, கோடைக்கு நான் தரையிலேயே விடுவேன்.

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம். பீர்க்கன் பந்தல் ஏறிப் பச்சைப் பசேலென்று மூடியிருக்கிறது. பூ நிறைய. காய் இல்லை. மாப்பிள்ளை 3ஜி கட்டிங் (நுனியைக் கிள்ளிக் கிளையின் கிளையை வரவைப்பது) செய்யச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: முதல் 10, 15 நாள் ஆண்பூதான் வரும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அதையும் தாண்டிவிட்டது என்றால் மாப்பிள்ளை சொல்வதில் விஷயம் இருக்கிறது. தாய்க்கொடியில் ஆண்பூ அதிகம், பக்கக் கிளையிலும் கிளையின் கிளையிலும் பெண்பூ அதிகம், சுரையில் இது கண்கூடாகத் தெரியும், பாகல், பீர்க்கனிலும் உண்டு. ஆனால் அதைச் செய்ய வேண்டிய நேரம் கொடி பந்தலைத் தொட்ட அன்று. தரையிலிருந்து பந்தல் வரைக்கும் ஒரே தண்டாகக் கயிற்றில் ஏற்ற வேண்டும், வழியில் வருகிற பக்கக் கிளைகளை விரல் நீளம் ஆகும் முன்னே கிள்ளிவிட வேண்டும், கம்பியைத் தாண்டி அரை அடி போனதும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். அப்போது நாலைந்து கிளை வரும், அவற்றை நாலு திசைக்கும் பிரித்துவிடுங்கள். அந்த ஒரு மாதம் தினமும் காலையில் பந்தலுக்குள் ஒரு நடை போய்வந்தால் போதும், கொடி இளசாக இருக்கும்போது ஒரு விரலால் திருப்பிவிடலாம், விட்டுவிட்டால் பிறகு நாலு ஆள் சேர்ந்தாலும் பிரிக்க முடியாது. மூடிப்போன பந்தலில் இப்போது கத்தியை வைத்தால் பிஞ்சோடு போய்விடும், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கிற கிளைகளையும் மஞ்சள் இலையையும் மட்டும் எடுத்து வெளிச்சம் உள்ளே விழும்படி செய்யுங்கள். யூரியாவை நிறுத்துங்கள். பச்சைப் பசேல் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே எனக்கு அந்தச் சந்தேகம்தான்.

மருந்து அடிக்கிற நேரத்தையும் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. பீர்க்கன் பூ சாயங்காலம் விரியும். சுரைப் பூவும் அப்படித்தான், புடலை இருட்டிய பிறகு. பாகல் பூ விடிகாலையில். எல்லாக் காய்க்கும் மாலையில் மருந்தடிக்கும் பழக்கம் பாகலுக்குச் சரி, பீர்க்கனில் அதே நேரத்தில் அடித்தால் பூவுக்கு வருகிற பூச்சியையும் சேர்த்துத் துரத்துகிறோம். பீர்க்கனுக்குக் காலையில் அடியுங்கள். மாலை 6 மணிக்குப் பந்தலுக்குள் போய் நின்று பாருங்கள், தேனீயோ அந்துப்பூச்சியோ வரவில்லை என்றால் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் நடுவில் தொட்டுவிடுங்கள், ஒரு வாரம் 50 பூவுக்குச் செய்து அவை காய்த்தால் குறை எங்கே என்று உங்களுக்கே தெரிந்துவிடும். கந்தகத் தூள் மட்டும் கொடிக்காய்ப் பயிர் எதிலும் போட வேண்டாம், இலை கருகிவிடும்.

கேள்வி: காங்கயம் பக்கம். மயில் தொந்தரவுக்காக வெள்ளரி வரிசையைச் சுற்றித் தரை வரைக்கும் மெல்லிய நைலான் வலை கட்டினோம். மயில் வருவது நிற்கவில்லை. ஆனால் ஒரு சாரைப்பாம்பு சிக்கிச் செத்துவிட்டது. மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வலையின் கீழ் ஓரம் 1 அடி தள்ளி நிற்கட்டும் என்று முதல் பதிலில் சொன்னது இதற்காகத்தான். பாம்பு தலையை நுழைத்துவிடும், செதில் பின்பக்கமாகத் திரும்ப விடாது, முன்னே போகப் போக நூல் இறுகும். சாரை நமக்கு எலி பிடித்துக் கொடுக்கிற ஆள், ஒரு சாரை போனால் வரப்பில் எலிக்குக் கொண்டாட்டம். எங்கள் தோட்டத்திலும் ஒருமுறை சிக்கியது, உயிரோடு இருந்தது. தலையின் மேல் ஒரு கோணிச் சாக்கைப் போட்டுவிட்டு, என் தம்பி வாலைப் பிடித்துக்கொள்ள, வீட்டுக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு நூலாக அறுத்தோம். அரை மணி நேரம் ஆயிற்று. சாரைதான் என்று நிச்சயமாகத் தெரிந்ததால் செய்தோம், தெரியாதவர்கள் கை வைக்காமல் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லிவிடுங்கள்.

மயிலுக்குத் தரை வலை சரியான மருந்தில்லை, அது பறந்து உள்ளே இறங்கும். விஷம் வைப்பது, கண்ணி வைப்பது எதுவும் கூடாது, 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. வரிசைக்கு நடுவில் உள்ள சந்துகளின் மேல் 3 அடி உயரத்தில் மினுக்கு நாடாவைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்துவிட்டால் கொஞ்ச நாள் தயங்கும். பழகிவிட்டால் நாடாவின் இடத்தை மாற்றுங்கள். எங்களுக்கு முழுசாக நின்றது, விடியலிலும் அந்தியிலும் யாராவது ஒருவர் தோட்டத்தில் இருந்தபோதுதான்.

வலை கட்டாயம் வேண்டும் என்றால் மெல்லிய மீன்பிடி நூல் வலையை வாங்காதீர்கள். கண்ணுக்குத் தெரிகிற தடித்த, கறுப்பு வலையாக எடுங்கள். கொடித் தண்டுக்கும் அதுதான் நல்லது, மெல்லிய நூல் காற்றில் உரசி உரசித் தண்டை அறுக்கிறது.

கேள்வி: கொடியை வலையோடு எதனால் கட்டுவது?

பதில்: நனைத்த வாழைநார். கிடைக்காவிட்டால் பழைய பருத்தி வேட்டிக் கிழிசல். தண்டுக்கும் கயிற்றுக்கும் நடுவில் எட்டு வடிவத்தில் ஒரு முறுக்கு விட்டுக் கட்டுங்கள், தண்டு தடிக்க இடம் இருக்கும். கட்டுக்கம்பி வேண்டவே வேண்டாம்.

கேள்வி: காய்ப்பு முடிந்த பிறகு வலையில் சுற்றிய கொடியைப் பிரிப்பதற்குள் உயிர் போகிறது. சிலர் அப்படியே தீ வைத்துவிடுகிறார்கள். மலிவான வலைதான், ஒரு பருவத்துக்கு மேல் வருவதில்லை. நாங்களும் அப்படியே செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். எரிந்த நைலான் உருகி மண்ணில் கட்டியாகக் கிடக்கும், புகை பக்கத்தில் இருக்கிற குழந்தைக்கும் மாட்டுக்கும் கெடுதல். வெயில் தாங்கும் பக்குவம் செய்யாத மலிவு வலை ஒரு கோடையில் பொடிப்பொடியாக உதிர்கிறது, அந்தத் துண்டைப் புல்லோடு மாடு தின்றுவிட்டால் வைத்தியச் செலவு வலை விலையைப் போலப் பல மடங்கு. புற ஊதாக் கதிர் தாங்கும் வலை என்று கேட்டு வாங்குங்கள், பத்திரமாக வைத்தால் மூன்று நாலு பருவம் வரும்.

பிரிப்பதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. கடைசிப் பறிப்பு முடிந்ததும் தண்டைத் தரை மட்டத்தில் அறுத்துவிட்டு, தண்ணீரை நிறுத்திவிட்டு, 10 முதல் 15 நாள் அப்படியே விட்டுவிடுங்கள். பச்சையாக இருக்கும்போது பற்றுக்கம்பி இரும்பு மாதிரி பிடிக்கும், காய்ந்தால் கையால் உரசினாலே பொடியாகிவிடும். மேல் கட்டுகளை அவிழ்த்து வலையைத் தரையில் விரித்து இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உதறினால் முக்கால்வாசி கொட்டிவிடும். மீதியைக் கையால் எடுத்து, தண்ணீரில் அலசி, ஒரு நாள் நல்ல வெயிலில் காயப்போட்டு, ஒரு கழியில் சுற்றி, எலி ஏறாத இடத்தில் தொங்கவிடுங்கள். சாளையில் மூலையில் குவித்துப் போட்டால் எலி குட்டி போட்டு ஓட்டையாக்கிவிடும், எங்களுக்கு ஒரு சுருள் முழுக்க அப்படிப் போயிற்று.